ஒன்றரை மீட்டர் உயரத்தில்

குகைக்குள் வருடம் முழுக்க எட்டு டிகிரி.
வாசலில் இதைத்தான் முதலில் சொல்வேன்,
நான்கு மொழிகளில்.
பிறகு வழுக்கும் தரை, தொடக்கூடாத பாறை,
பிறகு ஒரு வேடிக்கைப் பேச்சு.
அதற்கு ஜெர்மானியர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

அன்று யெர்னேயா வந்திருந்தார்,
மாரிபோரிலிருந்து, இரண்டு ரயில் மாறி.
சக்கர நாற்காலி. மடியில் பை, தெர்மாஸ் குடுவை.
கையில் முழுக் கட்டணச் சீட்டு.
பாதிக் குகைக்குப் பாதிக் காசு என்று
எங்கள் கல்லாவில் பொத்தான் கிடையாது.

"எதுவரை போகலாம்?"
"முதல் கூடம் வரை. அப்புறம் படிகள்."
"எத்தனை?"
"நூற்றுப் பதினெட்டு!"
என் குரலிலிருந்த பெருமையை
அன்றுதான் நானே கேட்டேன்.

முதல் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி.
உள்ளே, வெளிறிய இளஞ்சிவப்பில்,
கண்ணில்லாத நீர்ப்பல்லி.
மனித மீன் என்போம் எங்கள் பக்கத்தில்.
அதற்கென்று நீரைக் குளிர்விக்க ஓர் இயந்திரம்,
இயந்திரம் நின்றால் அலற ஒரு மணி,
மணி அலறினால் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவர
சம்பளத்துக்கு ஓர் ஆள். நான்தான்.
"பார்வை கிடையாது, ஆனால் நூறு வயது வாழும்" என்பேன்.
கூட்டம் வியக்கும்.
யெர்னேயாவும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"நல்ல வீடு கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்."

அவரை அங்கே விட்டு,
மிச்சக் குகையைக் காட்டும் ஏழு நிமிடப் படத்தைத்
திரையில் ஓடவிட்டு
முப்பத்தொரு பேரோடு இறங்கினேன்.

விளக்குகள் எங்களோடு நடப்பவை.
முன்னால் எரியும், பின்னால் அணையும்,
பாறையில் பாசி படராமலிருக்க.
திரையும் அதே கம்பியில்தான்.
பன்னிரண்டு நிமிடத்தில் முதல் கூடம் இருண்டுவிடும்
என்பது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
எழுபதாவது படியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஓடவில்லை.
வழிகாட்டி ஓடினால் முப்பத்தொரு பேரும் ஓடுவார்கள்.
கடைசிக் கூடத்தில் எல்லா விளக்கையும் அணைத்து
ஒரு முழு நிமிடம் இருட்டைக் காட்டுவது எங்கள் சிறப்பு.
அன்று ஒன்பது வரை எண்ணினேன்.
அதற்கு மேல் முடியவில்லை.

திரும்பி வந்தபோது
அவர் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.
சட்டையில் தேநீர் சிந்தியிருந்தது.
மன்னிப்பு, என் நான்கு மொழிகளில்
ஒன்றிலும் முழுசாக வரவில்லை.
கிராட்ஸிலிருந்து வந்த அம்மையார் ஒருவர்
அவர் கையைப் பற்றிக்கொண்டு,
"அசல் குகை உங்களுக்குத்தான் கிடைத்தது" என்று நெகிழ்ந்தார்.
யெர்னேயா கையை உருவிக்கொண்டார்.
"எட்டியிருந்தால் போட்டிருப்பேன்."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.
சுவிட்ச் ஒன்றரை மீட்டர் உயரத்தில்,
யாரோ நின்றுகொண்டே யோசித்த உயரத்தில்.

பையிலிருந்து அளவு நாடா வந்தது.
முப்பது வருடம் லிஃப்டுகளுக்கு
வரைபடம் போட்டவராம்.
"மேல் முனையைப் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன்.
தொண்ணூறு சென்டிமீட்டரில்,
தொடக்கூடாத பாறையில்,
உதட்டுச் சாயத்தால் ஒரு கோடு.

வெளியே வந்ததும் கேட்டார்:
"ஒரு படியின் உயரம் என்ன? ஆழம்?"
பதினாறு வருடமாக ஏறி இறங்குகிறேன்.
தெரியவில்லை.
"அளந்து எழுதுங்கள்" என்று முகவரி தந்தார்,
நாடாவையும் தந்தார்.

சுவிட்ச் கீழே இறங்க
நான்கு மாதமும் மூன்று கையெழுத்தும் ஆயின.
இப்போது பள்ளிப் பிள்ளைகள் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள்.
கத்துகிறேன்.

இரவில் மீனைப் பார்க்கப் போகும்போது
பத்துப் பத்தாக அளக்கிறேன்.
பதினேழு. பதினேழரை. பதினெட்டு.
நாற்பத்தோராவது மட்டும் இருபத்து மூன்று.
அதில்தான் எல்லோரும் தடுக்குவார்கள்,
பார்த்து வாருங்கள் என்று சொல்லியே பழகியிருந்தேன்.
இன்னும் ஐம்பத்தெட்டு பாக்கி.