முப்பத்திரண்டின் கடைசி இரவு

இன்று இரவு பன்னிரண்டு அடித்தால்
நான் ஐந்து புள்ளி மலிவு.
விதியில் அப்படித்தான் இருக்கிறது:
முப்பத்திரண்டு முடியும்வரை முப்பது,
முப்பத்து மூன்று பிறந்தால் இருபத்தைந்து.
முழங்கால் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
சிப்பு சோதிக்கும் கண்ணும் அப்படியே.

சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டு.
வயதுக்கு முப்பது,
ஆங்கிலத்துக்கு இருபது,
முதல் தடவையிலேயே, பெருமைதான்.
பட்டத்துக்குப் பதினைந்து,
எட்டு வருஷ ஷிப்டுக்குப் பதினைந்து.
எண்பது.
தெற்கே அந்த நாட்டில்
அறுபத்தைந்து வைத்திருந்தால் வரிசையில் நிற்கலாம்.
எண்பத்தைந்து இருந்தால்தான்
பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

புவனேந்திரன் லிஃப்டு பழுது பார்ப்பவன்.
ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம்வரை
பழைய பிளாட்டுகளில்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
மாட்டிக்கொண்டவர்களிடம்
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்தே
பயம் தெளியவைத்து இறக்குவான்,
தமிழில், மலாயில், ஹொக்கியனில்.
அதற்கெல்லாம் கையில் சான்றிதழ் இல்லை.
கூட வரும் கணவனாக
ஆங்கிலம் தேறினால் ஐந்து.
தேறாவிட்டால் சைபர்.
கணவனே இல்லாதவளுக்குப் பத்து.

இதைக் கண்டுபிடித்ததே அவன்தான்.
விரலால் வரியைத் தொட்டுக் காட்டினான்,
எண்ணெய்க் கறை தாளில் ஒட்டியது.
"நான் இல்லாட்டி நீ தொண்ணூறு, பாத்தியா?"
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அன்று ராத்திரி ஃபேன் சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

பேச்சுத் தேர்வில் அவனைக் கேட்டது:
நீங்கள் போன ஒரு பயணம் பற்றி
இரண்டு நிமிடம் சொல்லுங்கள்.
நாற்பது வினாடியில் முடித்துவிட்டான்.
"மேலயும் கீழயுந்தான் போயிருக்கேன்.
அதுக்கு எங்கலா ரெண்டு நிமிஷம் வரும்?"

முறையிட எனக்கு வாயில்லை.
போன வருஷம் கம்பெனி என்னைக்
காட்மாண்டுவுக்கு அனுப்பியது.
ஓட்டல் மாடியில் நூற்று நாற்பது ஆண்கள்,
அறுபது வேலை,
என் கையில் ஐந்து கட்டம் போட்ட தாள்:
கண், நிறம், உயரம், நிற்கும் நேரம், கை.
கைக்கு ஒரு சோதனை.
இடுக்கியால் எள்ளை ஒவ்வொன்றாக எடுத்து
ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு,
ஒரு நிமிடத்தில் இருபது.
அதை யோசித்ததும் நான்தான்.
நியாயமான தாள் என்றார் மேனேஜர்.

லோக் ராஜ் பதினாறில் நின்றுவிட்டான்.
விடிய விடிய பஸ்ஸில் வந்த கை,
நடுங்கியது.
"இன்னொரு தடவை செய்யட்டுமா, மேடம்?"
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது.
அடுத்த ஆள், என்றேன்.

இப்போது பதினொன்று முப்பத்தெட்டு.
அவன் முடிவு வந்துவிட்டது.
கேட்டல் ஆறரை. படித்தல் ஆறு. எழுதுதல் ஆறு.
பேச்சு ஐந்தரை.
அரை குறைகிறது.
ஒரு எள்ளில் பாதி.

கதவு திறக்கிறது.
ஃபார்லிமில் ஒரு சீனக் கிழவரும்
அவர் கிளிக்கூண்டும் மாட்டிக்கொண்டார்களாம்,
பார்ட்ஸ் வரும்வரை ஒரு மணி நேரம்
இவன் பேசிக்கொண்டே இருந்தானாம்,
கிழவரோடும் கிளியோடும்.
அவர் கொடுத்த ஆறு முட்டையை
நோட்டின்மேல் வைக்கிறான்.
ஒன்று உருண்டு
எண்பதின் சுழியில் போய் நிற்கிறது.

"மார்க்கு வந்துச்சா?"
சொன்னேன்.
தொட்டிப் பக்கம் திரும்பிக்
குழாயைத் திறந்தான்.
கை கழுவுகிற சத்தத்துக்குள்ளிருந்து கேட்டான்:
"இன்னொரு தடவை எழுதட்டா?"

சுவர்க் கடிகாரம்
அவன் தலைக்கு நேர் மேலே.
அதைப் பார்க்காமல் இருக்கப்
பாடுபட்டேன்.