நாலு மணி நேரம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
'நாய் தினமும் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும்?'
வாஷா பேனாவை என் பக்கம் தள்ளினான்,
நான் அவன் பக்கம்.
கடைசியில் அவன்தான் எழுதினான்: நாலு.
பொய். ஏழரை.
மழை பெய்து சாலை அடைத்தால் எட்டு.

காப்பகத்து எத்தேரி அதைப் படித்தாள்,
கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் கயிற்றை நீட்டினாள்.

கன்னங்கரேலென்று இருந்தது.
காதில் மஞ்சள் வில்லை, அதில் ஒரு எண்.
தெத்ரி என்று பேர் வைத்தான் வாஷா.
ஜார்ஜிய மொழியில் தெத்ரி என்றால் வெள்ளை;
சில்லறைக் காசுக்கும் அதே சொல்.
வைத்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு வந்தான்
பேருந்து நிறுத்தம் வரை.

திபிலிசியின் வடக்குக் கோடி, கிள்தானி. ஒன்பதாம் மாடி.
காசு போட்டால்தான் ஏறும் லிஃப்ட்.
கதவு திறந்ததும் தெத்ரி
நாலு காலையும் ஊன்றிச் சிமெண்டாகிவிட்டது.
ஆகவே படி. நூற்று நாற்பத்தெட்டு.
காலையில் ஒரு தடவை, இரவில் இரண்டு.
ஆறு வருஷமாகக் குடியிருக்கிறோம்,
நாலாம் மாடியில் யாரோ செல்லோ பழகுவதும்
ஐந்தாம் மாடியில் எந்நேரமும் வெங்காயம் வதங்குவதும்
இப்போதுதான் தெரிந்தது.

எனக்கு வங்கியின் தொலைபேசி மையத்தில் வேலை.
'கொஞ்சம் காத்திருங்கள்' என்று
நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்கிறேன்.
அவனுக்குக் கட்டடங்களில் கண்ணாடி பொருத்தும் வேலை.
விரலெல்லாம் கீறல்.
தெத்ரி முதலில் நக்கியது அந்தக் கீறல்களைத்தான்.
என் கைக்கு வரப் பதினோரு நாள் ஆனது.
எண்ணினேன். அவனிடம் சொல்லவில்லை.

ஒருநாள் பழைய கைபேசியைப் பதிவில் போட்டு
அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.
திரும்பும் பேருந்தில் காதில் மாட்டிக் கேட்டேன்.
குரைக்கவில்லை. அழவில்லை.
குளிர்பெட்டியின் உறுமல்.
குழாய்ச் சொட்டு.
நகங்கள் கதவுவரை போகும் சத்தம்.
நிற்கும்.
திரும்பும்.
நெடுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு,
சம்பளத் தேதிக்கு முந்தின நாள்
வாஷா விடுவானே, அப்படி.
நாங்கள் இல்லாதபோது எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று
அன்றுதான் கேட்டேன்.
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி
இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போனது.
தோளில் இருபது கிலோ நாய்த்தீனி மூட்டை,
அதனால் வாஷா அன்று காசு போட்டு ஏறியிருந்தான்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றுவிட்டது.
நானும் தெத்ரியும் படியில்.
அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது
தான் என்றுமே நெருங்காத அந்தக் கதவுக்கு.
இடுக்கில் மூக்கை அழுத்தி உட்கார்ந்தது.
குரைத்தது.
எங்களிடம் வந்தபின் முதல் குரைப்பு.
உள்ளிருந்து அவன், 'யாரது?' என்றான்.
நான் வாய் திறக்கவில்லை.
அதுவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளிச்சம் வந்து கதவு திறந்தபோது
அவன்தான் தெத்ரி, முகம் அப்படி வெளுத்திருந்தது.
'எத்தனை மணி நேரம்?'
'நாற்பது நிமிஷம்.'
'பொய் சொல்லாதே.'

அன்றிரவே எத்தேரிக்கு ஃபோன் செய்தான்.
'ஏழாவது கேள்வி... நாலு இல்லை. ஏழரை.'
மறுமுனையில் நாய்கள். கிண்ணம் உருளும் சத்தம்.
'எல்லோரும் நாலுதான் எழுதுவார்கள்,' என்றாள்.
'அன்றைக்கே பென்சிலால் எட்டு என்று திருத்திவிட்டேன்.'

மதிய ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன்.
கிடைக்குமோ என்னவோ. கிடைத்தால் சம்பளம் குறையும்.
காலையில் கதவைச் சாத்தும்போது
அந்த வேலைச் சொல் நாக்கு நுனிவரை வருகிறது,
விழுங்கிவிடுகிறேன்.

மாலை. அவன் பையில் சில்லறை குலுங்குகிறது.
லிஃப்டைத் தாண்டிப் படியில் கால் வைக்கிறோம்.
செல்லோ இன்னும் அதே இடத்தில் தப்புகிறது.
வெங்காயம்.
எட்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றால்
மேலே, கதவருகே,
நகங்கள் வந்து நிற்கின்றன.