மற்றவை

நூற்றுப் பதினேழாவது விண்ணப்பத்துக்கு
ஐந்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.
‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.’
எழுத்துரு நன்றாயிருந்தது,
வரி இடைவெளிகூடச் சரி.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேட்பது ஓர் ஆளைத்தான்.
திரை வரையணும், நிரல் எழுதணும்,
பயனரிடம் பேசணும், படத்தை அசைய வைக்கணும்,
ஏஐ தெரிஞ்சிருக்கணும்,
அழுத்தம் தாங்கணும்.
ஐந்து பேர் உட்கார்ந்து இதையெல்லாம் செய்த மேசை ஒன்றை
எனக்குத் தெரியும்.
நாலு பேரை அனுப்பிய வெள்ளிக்கிழமை
கேக் வெட்டி என்னையும் அனுப்பினார்கள்.

காரைக்குடி, செக்காலை ரோடு,
மருந்துக்கடை மாடியில் அறை.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு,
தண்ணீர் காலையில் மட்டும்.
புதுவயலில் ஓர் அரிசி ஆலை
எடைமேடைக்குத் திரை கேட்டது.
“படம் போடுற பொண்ணு மீனாள் நீதானே?”
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

முதல் வடிவம் அழகு, சத்தியமாய்.
வெளிர் சாம்பலின் மேல் சற்றே அடர்ந்த சாம்பல்,
முனை மழுங்கிய பொத்தான்கள்.
எடை போடும் சேவுகமூர்த்தி
வெயிலில் அதைப் பார்த்தார்,
கையைக் குடையாக்கிக் குனிந்து பார்த்தார்,
“கரண்டு போயிருச்சாம்மா?” என்றார்.

தவிடு படிந்த விரலைத் திரை நம்பவில்லை.
மூன்று தடவை தொட்டார், ஒன்றுமில்லை.
நாலாவது தொடலுக்கு
ஒரே லாரிக்கு இரண்டு ரசீது.
டிரைவர் சொன்ன கெட்ட வார்த்தையை
பயனர் கருத்து என்று
குறித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் அந்தத் தகரக் கொட்டகையில்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் கழிவு உண்டு,
அந்த எண்ணைத்தான் விவசாயி முதலில் தேடுவார்,
நான் அதை மூலையில் பொடி எழுத்தில் வைத்திருந்தேன்.
ஆலை ஓடும்போது எந்த மணியும் காதில் விழாது,
அதனால் என் இனிய ‘டிங்’ வீண்.
பழைய மென்பொருளை எழுதிய பையன்
கனடாவில் இருக்கிறான், பதில் போடுவதில்லை.
ஆகவே ராத்திரியில் நிரல் படித்தேன்,
ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் பாடங்களில்,
அரைப்புள்ளி ஒன்றைக் காணாமல்
விடியும்வரை தேடிக்கொண்டு.

கடைசியில் பொத்தான்களைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன்.
கல்லுக்கட்டியில் ஒரு கடையில்
உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சுவிட்ச்,
பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.
எலெக்ட்ரீஷியன் பரக்கத்துல்லா பற்ற வைத்தார்.
சேவுகமூர்த்தி முழங்கையால் தட்டினார்,
ரசீது வந்தது, ஒன்றே ஒன்று.
யாரும் கைதட்டவில்லை. அடுத்த லாரி ஏறியது.

பேசியதில் பாதிப் பணம்,
மீதிக்குத் தவணை, கூடப் பத்துக் கிலோ பொன்னி.
வேறெந்த ஆலையும் கூப்பிடவில்லை.
பக்கத்து நாற்காலி ஷர்மிளி
இப்போது வீட்டுக்கடன் விற்கிறாள்,
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்,
நடுவில் எனக்கும் ஒன்று விற்கப் பார்த்தாள்.

நூற்றுப் பதினெட்டு.
‘திறன்கள்’ பட்டியலை இறக்கிப் பார்க்கிறேன்.
தவிடு இல்லை. வெயில் இல்லை.
கடைசியில் ‘மற்றவை’, நாற்பது எழுத்துக்குள்.
‘எடைமேடை, சுவிட்ச், நிரல் கொஞ்சம், கெட்ட வார்’
என்பதோடு பெட்டி நின்றுவிட்டது.
ஏன் என்று ஒரு வரி சொல்லவில்லை,
சிவப்புக் கோடு மட்டும்.
இதை வரைந்தவரும் எங்கோ
வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.
‘சமர்ப்பி’ இன்னும் சாம்பல்,
அதே என் சாம்பல்.

போன் அடிக்கிறது.
“பச்சையத் தட்டுனா செவப்பு எரியுதும்மா.
லாரி ஏழு நிக்கிது.”

ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது.
ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தேன்?