நான்கில் மூன்று

இரவுப் பணி முடிந்து கிரேனிலிருந்து இறங்க
நூற்றுப் பதினெட்டுப் படிகள்.
லியபாயா துறைமுகத்தில் பால்டிக் காற்று
ஒவ்வொரு படியிலும் என்னை நிறுத்திச் சோதனை போடும்.
வீடு வந்து கையுறை கழற்றினால்
விறைப்பு விடுமுன்னே விரல்கள்
விசைப்பலகையைத் தேடும்.

இன்னுமா அம்மா,
இந்தக் கட்டம் கட்டமான உலகம்? என்பான் மகன்.
அவன் விளையாட்டில்
வீரனின் தாடியில் மயிர் மயிராகப் பனி படிகிறது.
காதுக்குள் ஒரு தளபதி ஓயாமல் பேசுகிறான்:
குனி, காத்திரு, இப்போது போ.
குண்டடி பட்டால்
ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சு வாங்கினால் போதும்,
காயம் தானே ஆறிவிடும்.

என்னுடையதில் ஆறாது.
உயிர் ஏழு என்றால் ஏழுதான்.
மூலையில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஏழு.
எழுந்து, இருட்டைக் கடந்து போய்,
எங்கோ கிடக்கும் மருந்துப் பெட்டியை
மிதித்தால்தான் உண்டு.
போ என்று சொல்லவும் ஆளில்லை.

மேலே பார்க்க முடியாது. கீழேயும்.
ஓட்டம் உண்டு.
பக்கவாட்டில், நண்டு போல,
எந்த நண்டுக்கும் வாய்க்காத வேகத்தில்.
தீயுருண்டை வரும்; ஒரு தோள் அகலம் விலகினால்
பின்சுவரில் அறைந்து அணையும்.
இரட்டைக் குழலைச் சுட்டபின்
மடக்கி, நிரப்பி, மூடும் வரை
அந்த ஒன்றரை நொடி
யாருக்கும் சொந்தமில்லாத நொடி.
எட்டு மணி நேரம்
நாற்பது டன்னை முட்டை போல இறக்கி வைக்கிறவளுக்கு
இது உப்பு.

நான் ஆடும் தளம் கடையில் விற்றதல்ல.
தொண்ணூற்றேழில், பதினேழு வயதில்
இல்மார்ஸ் வரைந்தது. ஒரே ஒரு நெகிழ்வட்டு.
எங்கள் வட்டார மருத்துவமனையை
அறை அறையாக அளந்து அப்படியே வைத்து
அதற்குள் பேய்களை விட்டான்.
பல் டாக்டர் ஸ்கைத்ரிதேயின் அறையில் மட்டும் ஐந்து.
நீலச் சாவி எக்ஸ்ரே மேசையில்.
சிவப்புக் கதவுக்குப் பின்னால் கொதிகலன்.

முடிந்ததும் கணக்குப் பலகை எழும்.
பகை: நூற்றுக்கு நூறு.
பொருள்: நூற்றுக்கு நூறு.
ரகசியம்: நான்கில் மூன்று.

இருபத்தேழு ஆண்டுகளாக
நான்கில் மூன்று.

எல்லாச் சுவர்களையும் தட்டிவிட்டேன்.
தட்டினால் திரைக்குள் இருப்பவன் ஒரு முனகல் விடுவான்,
ம்,
சுவர் சுவராகவே நிற்கும்.
கொஞ்சம் வெளிறிய ஓடு, ம்.
கோணலாய்த் தொங்கும் விளக்கு, ம்.
மணமுறிவுக் காகிதங்கள்
கையெழுத்துக்காக மேசையில் கிடந்த மாதம் முழுக்க
மருந்தகத்தின் வடக்குச் சுவர். ம், ம், ம்.
திறக்காத சுவரிடம் எனக்குக் கோபம் வந்ததேயில்லை.
திறக்கக்கூடும் என்று
வேறு எந்தச் சுவர் என்னிடம் சொன்னது?

போன வாரம் இல்மார்ஸுக்கு எழுதினேன்.
அயர்லாந்தில் காளான் பண்ணையில் மேற்பார்வையாளன் இப்போது.
நான்காவது எங்கே என்று
அது மட்டும் கேட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பதில்:
ஸைகா, இன்னுமா ஆடுகிறாய்?
அது என் பிழை. பிரசவ வார்டின் சுவருக்குள்ளே
ஒரு துண்டு இடத்தை
தெரியாமல் ரகசியம் என்று குறித்துவிட்டேன்.
எட்டு அலகு அகலம்.
ஆள் நுழைய முப்பத்திரண்டு வேண்டும்.
யாராலும் முடியாது. மன்னித்துவிடு.

சிரித்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
ஐந்து பேய், நீலச் சாவி, கொதிகலன்.
யாரும் மிச்சமில்லாத பிரசவ வார்டில்
சுவருக்கு நேராக வந்து நின்றேன்.
பச்சை ஓடு. இத்தனை ஆண்டில்
முந்நூறு முறையாவது தட்டியிருப்பேன்.
தட்டினேன்.
ம்.

மகன் பல் துலக்கியபடி
என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறான், கவனிக்கவில்லை.
அங்கேதான் ஒன்றும் இல்லையே, அம்மா.

எட்டு அலகு இருக்கிறது, என்றேன்.