நீரோடிக்குத் தென்மேற்கே இருபத்திரண்டு மைல்

விடியுமுன்பே தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம் தாண்டியாயிற்று.
எட்டுப் பேர். ஆறு பைனாகுலர். வாந்தி மாத்திரை ஓர் அட்டை,
அதில் ஐந்து குழி ஏற்கெனவே காலி.
எண்ணிக்கைத் தாள் என் மடியில்:
நேரம், இனம், எத்தனை, எந்தப் பக்கம் பறந்தது,
கடைசியில் குறுகலாய் ‘குறிப்பு’.

மலை முதலில் நீலமாய் இருந்தது,
பிறகு நீலம் மட்டும் இருந்தது.
மாதா கோயில் கோபுரத்தையும் மலையையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணியம் பார்த்து வந்த ததேயு
இரண்டும் மறைந்த பின்னும்
ஒருதரம் அதே பக்கம் திரும்பினார்.

போனில் கேரளம் வரவேற்றது.
ஐந்து நிமிடத்தில் தமிழ்நாடு.
மறுபடி கேரளம்.
அப்புறம் யாருமில்லை.

மத்திக் குடலும் மீனெண்ணெயும் குழைத்த வாளியிலிருந்து
கரண்டி கரண்டியாய் ஊற்றினார் தாணுலிங்கம் அண்ணாச்சி.
வடசேரியில் மருந்துக்கடை, கை அளவு தப்பாது.
வழவழவென்று ஒரு பாதை எங்கள் பின்னால் நீண்டது.
ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை,
என் வயிற்றிலிருந்து வந்ததைத் தவிர.

பிறகு ஷியர்வாட்டர்கள்.
சிறகை அடிப்பதாயில்லை.
அலையின் முதுகுக்கும் தம் வயிற்றுக்கும் நடுவே
ஒரு தாள் செருகும் இடம் விட்டுச்
சாய்ந்து சாய்ந்து போயின.
பன்னிரண்டு. தெற்கு.
பேனா வழுக்கியதில் பன்னிரண்டும் ஒரே கோடாயிற்று.

பத்தே முக்காலுக்கு
தெர்மோகோல் துண்டொன்றின் மேல்
உட்கார்ந்தபடியே வந்தது அது.
காப்பிக்கொட்டை நிறம், நெற்றி மட்டும் வெளுப்பு.
படகைக் கண்டு எழவில்லை. எங்களைப் பார்த்தது,
பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல.
‘பிரௌன் நோடி!’ கத்திய ரெம்யா டீச்சருக்குக் குரல் உடைந்தது.
கேமராக்கள் தையல் மெஷினாய் ஓடின.

‘கேரளா லிஸ்ட்’ என்றார் டீச்சர்.
‘அதெப்படி? நீரோடியில இருந்து கோட்டை நீட்டிப் பாருங்க’ என்றார் அண்ணாச்சி.
ஜி.பி.எஸ். திரையில் ஸ்கேலை வைத்தார்கள்.
படகு உருண்டது, ஸ்கேல் நழுவியது,
பறவை ஒரு நிமிடம் அங்கே, ஒரு நிமிடம் இங்கே.

ததேயு எஞ்சினைத் தணித்தார்.
‘சாம்பல் புதன்’ என்றார்.
என்னது?
‘நாங்க ரெண்டு பேரு வச்ச பேரு. நெத்தியப் பாருங்க.’
இவ்வளவு பக்கத்தில் முன்பே பார்த்திருக்கிறீர்களா?
‘தின்னிருக்கேன்.’

அந்தக் கார்த்திகை. கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில்
மூன்றாம் நாள், அவரும் வின்சிலாசும்.
‘அதும் காத்துல அடிபட்டு வந்ததுதான்.
ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து இருந்துச்சு.
பயமே இல்ல அதுக்கு.
வின்சிலாசு வேண்டாம்னான்.
எண்ணெ நாத்தம். எலும்பு பேனா போல.’

நான்காம் நாள் கப்பலிலிருந்து கயிறு விழுந்தபோது
ஒருவர்தான் பிடித்தார்.

‘கொச்சியில இருந்து போன வள்ளம், அங்க போய்க் கேளுன்னு இங்க சொன்னான்.
வீடு நீரோடி, இங்க போய்க் கேளுன்னு அங்க சொன்னான்.
அவன் பெஞ்சாதி எட்டு மாசம் பஸ் ஏறினா,
ரெண்டு லிஸ்டையும் விரலால தடவிப் பாக்க.’

அண்ணாச்சி ஸ்கேலைப் பைக்குள் போட்டார்.
ஜிப்பை மூட மறந்து அதையே பார்த்திருந்தார்.
பறவை இறகு கோதிற்று.
தெர்மோகோல் நீவாட்டோடு வடக்கே போயிற்று,
பிறகு வடக்கா என்று சொல்ல முடியாதபடி போயிற்று.

10.47. பிரௌன் நோடி. ஒன்று.
எந்தப் பக்கம்: பறக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் ‘வி’ என்று தொடங்கி
மேலே எழுதாமல் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தாளைக் கணினியில் ஏற்றும்போது
கடையிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்:
‘அந்த ‘வி’ என்ன பிள்ளே, விடலைப் பறவையா?’
இல்லை, வளர்ந்ததுதான் என்றேன்.
‘பின்னே?’
லைனில் அலைபோல என்னவோ இரைந்தது.
அவர் கடை ஃபேன்.