ஒற்றைப் பெட்டிக்கு ஒரு ஸ்ட்ரீமர்

கஸ்தூரியார் வீதியில் மூன்று கடை,
ஸ்ரான்லி வீதியில் ஒண்டு.
எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்:
"இதில மோனோ இருக்குதோ?"

திரையின் அகலம் சொன்னார்கள்,
எத்தனை பிட் எண்டு சொன்னார்கள்,
படுத்த இடத்திலேயே பாட்டு மாத்தலாம் எண்டு
ஒருவர் கதிரையில் சரிந்தே காட்டினார்.
மோனோ எண்டதும் முகம் சுருங்கியது.
"ரெண்டு காதுக்கும் ரெண்டு பாதை போட்டதுக்குத்தானே அக்கா
இவ்வளவு விலை" என்றான் டினோஜன்.

ரெண்டு காது எண்டு ஆர் சொன்னது?

வாகீசனுக்கு ஏழு வயதில் கூகைக்கட்டு.
கன்னம் வற்றியது, வலக்காது திரும்பவில்லை.
அதை அவர் ஒரு கதையாய்ச் சொல்வதில்லை;
பஸ்ஸில் எப்போதும் வலப்பக்க யன்னலோரம் இருப்பார்,
அவ்வளவுதான்.
கலியாணத்துக்கு முன்னமே
வலப்பக்க ஸ்பீக்கரைக் கழற்றி
சாவகச்சேரித் தம்பிக்குக் குடுத்துவிட்டார்.
"எனக்கு ஒண்டு காணும்."
அம்பிளிஃபயரின் முதுகில்
சிவப்பும் கறுப்புமாய் ரெண்டு ஓட்டை
பதினொரு வருசமாய்ச் சும்மா கிடந்தன.

சீட்டுக் காசு எழுபத்தெட்டாயிரம்.
கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப்பிள்ளை நான்,
அரைவாசிச் சரக்குக்கு முழுவிலை குடுக்கிற ஆளில்லை.
கடைசியில் டினோஜனே ஒரு சின்னப் பெட்டியை எடுத்து
செற்றிங்ஸுக்குள் செற்றிங்ஸாய் இறங்கி
ஏழாவது படியில் நிண்டான்:
"இருக்குது அக்கா. இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."
திரை இல்லை. சவர்க்காரப் பெட்டி அளவு.
வாங்கினேன்.

கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சுவர்
சுண்ணக்கல்லும் சாந்துமாய் ஒன்றரை அடி.
முன்னறை றவுட்டரின் வைஃபை
அதில் முட்டி விழுந்தது.
பாட்டு நாலு சொல் பாடும், மூச்சு வாங்கும்.
நீல வயரைச் சுவருக்கு மேலால் ஏற்றி
ஓட்டுக்கும் வளைக்கும் இடையில் இழுத்தோம்;
வாகீசன் ஏணியில்,
நான் ஏணியைப் பிடித்தபடி,
இடக்காதுப் பக்கம் நின்று கத்தியபடி.

பிறகு ஒளி வயர்.
செப்பே இல்லை, உள்ளே வெளிச்சம்தான் ஓடும்
எண்டு சொல்லித் தந்திருந்தான் டினோஜன்.
செருகினோம். சத்தமில்லை.
கழற்றினோம், புரட்டினோம், ஊதினோம்,
அம்பிளிஃபயரின் குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம்.
"எழுபத்தெட்டாயிரம்" என்றார் அவர், கூரையைப் பார்த்து.

நுனியில் ஒரு தொப்பி.
கண்ணாடி போல, பயத்தம் பருப்பளவு.
அதுதான் வாசலில் குறுக்கே நின்றது.
நகத்தால் கிள்ளி எறிந்தேன்.
சிவப்பாய் ஒரு புள்ளி
என் உள்ளங்கையில் விழுந்தது.

மோனோவைப் போட்டேன்.
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.
முதல் பாட்டு அவருடையதுதான்,
ஞாயிறுகளில் சவரம் செய்யும்போது ஓடுகிறது.
முதலாம் சரணம் முடிகிற இடத்தில்
இடப்பக்கப் பெட்டிக்குள்ளிருந்து
வலப்பக்க வயலின் எழுந்தது.

"ஆரப்பா உதுக்குள்ள வயலினைக் கொண்டந்து செருகினது?"
"முதலே இருந்ததுதான்."
"இல்லை. இது வேற ஆக்கள் வாசிச்சது."
திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன்.
மூன்றாம் முறை
கதிரையைப் பெட்டிக்குக் கிட்ட இழுத்தார்.

நான் அந்தப் பாட்டை ரெண்டு காதாலும் கேட்டு
இந்த வீட்டுக்கு வந்தவள்.
அந்த இடம் வெறுமையாய் வரும்போதெல்லாம்
தேங்காய் துருவியபடி வாயால் நிரப்புவேன்.
"உமக்குச் சுருதி நிக்காது" என்பார்
முன்னறையிலிருந்து, அன்பாய்த்தான்.

இப்போது திரும்பினார்,
இடக்காதை என் பக்கம் தந்து.
"நீர் குசினிக்குள்ள முனகிறது…
உதோ?"

"ஓம்" எண்டேன்.
நீல வயர் நாலு முழம் மிச்சம்.
சுருட்டிக் கட்டினேன்.