இடப்பக்கம் சுற்றிய கம்பி

பிப்ரவரி. உயுனி உப்புவெளியில்
விரலளவு தண்ணீர்; அதற்குள் முழு வானம்.
லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து
சின்னத் திரையை முழங்காலில் வைத்திருக்கிறான் ரெமிஹியோ.
நானூறு மீட்டர்வரை படம்.
பிறகு புள்ளி, கோடு, புழுதி.
"சுவர் இல்லை, மரம் இல்லை,
எதில்தான் முட்டுகிறது?" என்கிறான்.

எதிலும் முட்டவில்லை. அதுதான் தொல்லை.
டிரோனிலிருந்து நேராக வரும் அலை ஒன்று,
தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் அலை ஒன்று.
இரண்டும் ஒரே வாசலில் நுழைந்து
ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

கொல்சானியில் எனக்குக் கைபேசி பழுதுபார்க்கும் கடை.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வீட்டு வயரை உரித்துச் செம்பை எடுத்தேன்.
அலையின் நீளம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்.
அந்தச் சுற்றளவுக்கு மூட்டை எண் எழுதும்
தடித்த மார்க்கர் பேனா பொருந்தியது.
ஆறு சுற்று; சுற்றுக்குச் சுற்று பதின்மூன்று.
அடித்தட்டுக்கு மத்திமீன் டப்பாவின் மூடி.
ஈயம் உருகியபோது கடை முழுக்க மீன் வாசனை.

கணக்கு எளிது.
டிரோனின் தலையில் இருக்கும் மூன்றிதழ் ஆன்டெனா
அலையை வலப்பக்கமாய் முறுக்கி அனுப்பும்.
தண்ணீரில் பட்டுத் திரும்பினால் வலம் இடமாகும்,
கண்ணாடி முன் நின்று தலைவாரும்போது கை மாறுவது போல.
வலச்சுருள் வலத்தை மட்டும் உள்ளே விடும்.
தெறித்து வந்தவனுக்குக் கதவு சாத்து.

மறுநாள் இருநூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை.
உப்பு அள்ளிக்கொண்டிருந்த செவேரோ
மண்வெட்டியை ஊன்றி நின்று சிரித்தார்:
"நெல்வா, மீனையும் சேர்த்து மாட்டியிருக்கணும்."

சாயங்காலம் கீன்வா சூப்
பாதிவழியில் நின்றது, கரண்டியோடு.
கரண்டி என் இடக்கையில்.
கம்பியையும் இந்தக் கைதான் சுற்றியது,
தனக்கு வாகான பக்கமாய்.

அப்படியென்றால் பகல் முழுக்க
மேலே பறந்த டிரோனின் பேச்சை
நான் உள்ளே விடவேயில்லை.
தண்ணீருக்குள் தலைகீழாய்ப் பறந்த
இன்னொன்றின் பேச்சைத்தான்
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
சூப் ஆறும்வரை இதையே நினைத்தேன்.
வெட்கமும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும்.

பிரித்துச் சுற்றினால் செம்பு ஒடியும்.
புதுக் கம்பி, அதே பேனா.
பிடிக்காத திசையில் கை நடக்க
ஆறு சுற்றுக்கு அரைமணி நேரம்.

எழுநூறு. ஆயிரம். ஆயிரத்து நானூறு.
சுருளைக் கைவிளக்குபோல் பிடித்து
டிரோன் போகும் திசைக்குத் திருப்பிக்கொண்டே நின்றேன்.
திரையில் சுற்றுலா ஜீப்புகளின் சக்கரத்தடம்,
ஃபிளமிங்கோக்கள், மேகத்தின் மேல் மேகம்.
ரெமிஹியோ மூச்சே விடவில்லை.
இந்த உயரத்தில் காற்று மெலிது,
விசிறிகள் இருமடங்கு உழைக்கும்.
அதை இரண்டு பேருமே மறந்தோம்.
ஆயிரத்து எண்ணூறில் படம் பளிச்சென்று இருந்தது,
பேட்டரிதான் இல்லை.

நடந்தோம். ரப்பர் பூட்ஸுக்குள் உப்புத்தண்ணீர்.
திரையில் வெறும் புழுதி.
சுருளை இடமும் வலமும் ஆட்டி
புழுதி எங்கே மெலிகிறதோ அந்தப் பக்கம் போனோம்.
செவேரோவும் வந்தார், அழைக்காமலே.
வெகுதூரம் போனபின் ஒரு கீற்று.
பிறகு படம்: செங்குத்தாய் நிற்கும் தொடுவானம்,
அதன்மேல் பக்கவாட்டில் ஒட்டி நடந்துவரும்
மூன்று எறும்புகள்.

நடுவிலிருந்த எறும்பு கையில்
ஏதோ மினுங்கியது. மத்தி டப்பா மூடி.
இன்னொரு கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன்.
அதுவும் ஆட்டியது, சற்றே தாமதமாய்.

"நிக்காதே," என்றான் ரெமிஹியோ,
"உப்பு மோட்டாரைத் தின்னுடும்."
குடிக்க வைத்திருந்த இரண்டு லிட்டரையும்
அதன்மேல் ஊற்றினான்.
திரும்பி நடக்க இன்னும் ஆயிரத்து எண்ணூறு மீட்டர்.
தாகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.